ஜமீலா தண்ணீர் குடித்த வெள்ளிக்கிழமை

திருத்துறைப்பூண்டியில் லியாகத் அலி என்ற பெயரில் பல பேர் உண்டு. 'பார்க் சூப்பர்வைசர்' லியாகத் அலி என்றால் ஒருவர்தான். அந்தப் பட்டத்தை அவருக்கு எந்தக் கம்பெனியும் கொடுக்கவில்லை. அவரே தனக்கு வைத்துக்கொண்டது.

வெளிநாடு போவதற்கு முன் அவர் முள்ளியாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். சொந்தமாக ஒரு ஜோடி மாடு இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. குறுவை போட முடியவில்லை. சம்பாவும் கதிர் வரும் நேரத்தில் காய்ந்தது. ஊருக்குள் டிராக்டர்கள் பெருகியிருந்ததால் மாடு கட்டி உழ அவரைக் கூப்பிடுவாரும் இல்லை. மாடுகளை விற்றார். விற்ற அன்று சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி கமருன்னிஸா சொல்வார்.

கமருன்னிஸா முத்துப்பேட்டைக்காரர். பிறந்த வீட்டில் கொஞ்சம் வசதி. அவருடைய அண்ணன் ஷேக் பரீத் துபாயில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே கடையில் பங்குதாரராகவும் ஆகிவிட்டவர். அவர் விடுமுறையில் வரும்போதெல்லாம் கமருன்னிஸாவின் அத்தா, மருமகன் காதில் விழும்படியே, "நம்ம மாப்ள இன்னும் மாட்டுச் சாணியோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். லியாகத் அலியும் சிரிப்பார். அன்று இரவு மட்டும் மனைவியிடம் சரியாகப் பேச மாட்டார்.

அதனால்தான் அவர் விசாவுக்கு மைத்துனரிடம் போகவில்லை. சென்னையில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தார். "பார்க்குல வேலை. மரம், செடி, நிழல். உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார் ஏஜெண்ட். லியாகத் அலி அதை நம்பி விமானம் ஏறினார்.

அது ஒரு பணக்கார அரபி, துபாயிலிருந்து காரில் போகும் தூரத்தில், பாலைவன ஓரத்தில் வைத்திருந்த விலங்குப் பூங்கா. மேனேஜர் அவரை ஒரு உயரமான கொட்டகைக்கு அழைத்துப்போய்க் கையில் ஒரு மண்வாரியையும் தள்ளுவண்டியையும் கொடுத்தார். உள்ளே நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. லியாகத் அலி அண்ணாந்து பார்த்தார். கூரைக்குப் பக்கத்திலிருந்து நான்கு முகங்கள் அவரைக் குனிந்து பார்த்தன. கீழே தரையெல்லாம் புழுக்கை. அவ்வளவு பெரிய உடம்பு, போடுவது ஆட்டுப் புழுக்கை மாதிரி சின்னச் சின்னதாக. அதைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை.

சாணியிலிருந்து தப்பித்துக் கடல் தாண்டி வந்து புழுக்கையில் விழுந்தோமே என்று அவருக்குக் கூனிக் குறுகிப் போயிற்று.

அந்த வாரம் ஊருக்குப் போன் செய்தார். பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்த கமருன்னிஸா, "என்ன வேலைங்க குடுத்திருக்காங்க?" என்று கேட்டார்.

"பார்க்குலதான். சூப்பர்வைசர் மாதிரி."

"மாதிரின்னா?"

பூத்துக்காரர் உட்பட நான்கு பேர் அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"சூப்பர்வைசர்தான்" என்றார்.

சின்னப் பொய். ஆனால் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது. மேனேஜர் இல்லாத நேரத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, இரவல் சட்டையில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். அது சட்டம் போட்டு மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. ஷேக் பரீத் துபாயிலிருந்து போன் செய்து, "ஒரு நாள் வந்து பாக்குறேன் மாப்ள, உங்க பார்க் எங்க இருக்கு?" என்று கேட்டபோது, "இங்க வெளியாளை விடமாட்டாங்க மச்சான்" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் பூங்காவுக்குள் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து போனார்கள்.

கொட்டகையில் அவருடன் வேலை பார்த்தவர் இத்ரீஸ் என்ற சூடான்காரர். ஏறக்குறைய ஒரே வயது. இத்ரீஸுக்குத் தமிழ் தெரியாது. லியாகத் அலிக்கு அரபி தெரியாது. பாதி இந்தி, பாதி அரபி, மீதி கைஜாடை என்று பேசிப் பழகினார்கள்.

நான்கில் ஒரு பெட்டைக்கு ஜமீலா என்று பெயர். ஆரம்பத்தில் லியாகத் அலி அதன் அருகில் போகவே பயந்தார். அதன் குளம்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். சிங்கத்தையே ஒரே உதையில் மண்டையைப் பிளந்து கொன்றுவிடும் என்று இத்ரீஸ் காலை வீசிக் காட்டியிருந்தார். ஆனால் ஜமீலா சாது. இலைக் கிளையை நீட்டினால், முழ நீளத்துக்கு நாக்கை வெளியே விட்டுக் கிளையைச் சுற்றி வளைத்து உருவிக்கொள்ளும். நாவல் பழம் தின்றது போலக் கறுத்த நாக்கு. முள் மரக் கிளையைக் கொடுத்தாலும் முள்ளை விலக்கி இலையை மட்டும் பறிக்கும். தப்பி ஒரு முள் வாய்க்குள் போனாலும் தடித்த உதடும் கொழகொழவென்ற எச்சிலும் குத்தவிடாமல் பார்த்துக்கொள்ளும். நாளெல்லாம் நாக்கை வெயிலில் நீட்டித் தின்கிற பிராணி, நாக்கு வெந்து போகாமலிருக்கத்தான் அந்தக் கறுப்பு என்கிறார்கள் என்றார் அங்கே வந்துபோகும் எகிப்து டாக்டர். அவருக்கு இந்தி ஓரளவு வரும். பேசப் பிடிக்கும் மனிதர்.

லியாகத் அலிக்கு மாட்டை வைத்துப் பழகிய கண். ஒன்றைப் பார்த்தால் இது எதற்கு என்று தோன்றும். டாக்டர் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் திட்டுத் திட்டான தோல் அழகுக்கா? மரத்து நிழலில் நின்றால் வெயிலும் நிழலுமாக ஆள் தெரியாமல் மறைவதற்கு என்றார் டாக்டர். அதோடு ஒவ்வொரு திட்டுக்கும் அடியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன, உடம்புச் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும். ஒன்றின் திட்டு மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. தலையில் அந்த இரண்டு குட்டைக் கொம்பு? கிடாக்கள் கழுத்தை வீசி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், அதற்கு. இடித்து இடித்துக் கிடாவின் கொம்பு நுனி வழுக்கையாகிவிடும். ஜமீலாவுக்கு நுனியில் கறுப்பு மயிர்க்குஞ்சம் இருந்தது.

ஒரு நாள் அவர் கேட்டார்: "அவ்வளவு உயரத்துல இருக்குற தலை சட்டுனு தரைக்கு வந்தா கிறுகிறுக்காதா?"

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டார். அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டும் என்பதால் பெரிய இதயம். மனிதரைப் போல இரண்டு மடங்கு ரத்த அழுத்தம். குனியும்போது அத்தனையும் தலைக்குப் பாய்ந்தால் மூளை தாங்காது. அதனால் கழுத்து ரத்தக் குழாய்களில் வரிசையாகக் கதவுகள். மூளைக்கு அடியில் ரத்தத்தை வாங்கி மெதுவாக விடுகிற ஒரு குழாய் வலை. காலில் ரத்தம் தேங்காமலிருக்க இறுக்கிப் பிடித்த தோல்.

லியாகத் அலிக்கு அது உடனே புரிந்தது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து வயலுக்கு என்று ஷட்டர் ஏற்றி இறக்கித் தண்ணீர் விட்ட மனிதர் அவர். "எல்லாம் மதகு" என்று தமிழில் சொல்லிக்கொண்டார்.

"ஆனால் ஒன்று," என்றார் டாக்டர். "இத்தனை நீளக் கழுத்து, அதுவும் தரையைத் தொடாது. கால் அதைவிட நீளம். முன்னங்கால் இரண்டையும் அகலப் பரப்பினால்தான் வாய் தண்ணீருக்கு எட்டும். அந்த நேரத்தில் அதற்கு ஓடவும் முடியாது, உதைக்கவும் முடியாது. காட்டில் சிங்கம் அதற்குத்தான் காத்திருக்கும்."

அதனால் கொட்டகைக்குள் தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் வெளியே, ஜனங்கள் பார்க்கும் அடைப்பில், முதலாளி ஒரு குளம் கட்டச் சொல்லியிருந்தார். ஒட்டகச்சிவிங்கி கால் பரப்பித் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க ஜனங்களுக்குக் கொள்ளை ஆசை. குளத்தின் கரை வழவழப்பான சிமெண்ட். நனைந்தால் வழுக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும் என்று இத்ரீஸ் ஏற்பாடு செய்திருந்தார். ஈரம் பட்ட இடத்தில் மணல் தூவ வேண்டும்; ஒட்டகச்சிவிங்கி குனியும்போது கூட்டம் சத்தம் போடாதபடி கையமர்த்த வேண்டும். அந்த வேலை லியாகத் அலிக்கு.

ஜமீலா ஒரு குட்டி போட்டது. நின்றபடியேதான் போட்டது. குட்டியின் முன்னங்கால்களும் தலையும் வெளியே வந்து ஆள் உயரத்துக்கு மேலே தொங்குவதைப் பார்த்த லியாகத் அலி, கைகளை ஏந்திக்கொண்டு ஓடினார். இத்ரீஸ் அவரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடு. விழட்டும்."

தொப்பென்று விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் கொடி அறுந்தது. குட்டி ஒரு உதறு உதறி மூச்சு வாங்கியது. அதன் கொம்புகள் தலையோடு படிந்து மடங்கியிருந்தன. தாயின் வயிற்றைக் கிழிக்காமலிருக்க அப்படி. இரண்டொரு நாளில் தானாக நிமிர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு காலும் நான்கு திசைக்குப் போக எழுந்து நின்று, லியாகத் அலியை விட உயரமாக இருந்தது. இரண்டு ஆண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த வாரம் போனில் கமருன்னிஸா, "அங்க என்னங்க விசேஷம்?" என்று கேட்டார். லியாகத் அலிக்குச் சொல்ல வாய் துடித்தது. தன் மகள் இர்ஃபானா கேட்டால் எப்படிக் குதிப்பாள் என்று நினைத்தார். ஆனால் சூப்பர்வைசர் எதற்குப் பிரசவம் பார்க்கப் போகிறார்?

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் வேலைதான்" என்றார்.

குட்டி பால்குடி மறக்காத காலத்தில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. லியாகத் அலி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும், முதுகில் பூங்காவின் பெயர் போட்ட பச்சை மேலங்கியும் மாட்டிக்கொண்டு, மணல் வாளியோடு குளத்தங்கரையில் நின்றார். காலையில் கொட்டகை கழுவிய நாற்றம் இன்னும் உடம்பில் இருந்தது. ஜமீலா குளத்தை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. கரையில் யாரோ ஊற்றிவிட்ட தண்ணீர் ஓடியிருந்ததை அவர் பார்த்தார். வாளியில் கை விட்டார்.

அப்போது கம்பிவேலிக்கு அப்பால், வெள்ளை முழுக்கைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக ஷேக் பரீத் வருவதைக் கண்டார். கூட அவருடைய மனைவி ரஹ்மத் பீவி. பின்னால் கோட்டு போட்ட இரண்டு பேர்.

லியாகத் அலி யோசிக்கவில்லை. கை வாளியை வைத்தது, கால் நடந்தது. பத்தடி பின்னால் இருந்த வைக்கோல் கொட்டிலுக்குள் புகுந்து, கட்டுகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டார். அவர்கள் போகட்டும், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார்.

பலகை இடுக்கு வழியாக அவருக்குக் குளம் தெரிந்தது. ஜமீலா கரையில் நின்று, எப்போதும் செய்வது போல, குனிவதற்கு முன் தலையைத் திருப்பி நான்கு பக்கமும் பார்த்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அதற்கு எல்லாம் தெரியும். பிறகு முன்னங்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அகலப் பரப்பிக் குனிந்தது. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். கையமர்த்த யாரும் இல்லை. யாரோ ஒரு குழந்தையின் பலூன் படாரென்று வெடித்தது.

ஜமீலா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. வலது முன்னங்கால் ஈரச் சிமெண்டில் வழுக்கியது. இடது கால் எதிர்ப்பக்கம் போனது. அந்தப் பெரிய உடம்பு இரண்டு கால்களுக்கும் நடுவே கிழிவது போல இறங்கிற்று.

அப்போது லியாகத் அலி ஓடி வந்தார். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். வேலிக்கு அப்பால் ஷேக் பரீத் இல்லை. எப்போதோ போயிருந்தார்கள்.

கயிறு கொண்டு வந்தார்கள், டிராக்டர் வந்தது, எகிப்து டாக்டர் வந்தார். முன்னங்கால்களை மார்போடு பிடித்திருக்கும் தசைகள் கிழிந்துவிட்டன என்றார். மயக்க மருந்து கொடுத்துத் தூக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். "இதற்கு மயக்கம் கொடுப்பது மற்ற மிருகம் மாதிரி இல்லை. இரைப்பையில் உள்ளது அந்த நீளக் கழுத்து வழியாக மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்" என்றார் டாக்டர். நிற்பதற்கென்றே படைக்கப்பட்ட உடம்பு, கிடந்தால் தாங்காது. லியாகத் அலி அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. நீண்ட இமை மயிர்களில் மணல் ஒட்டியிருந்தது. விரலால் துடைத்துவிட்டார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் முன்னால் உயிர் பிரிந்தது.

மறுநாள் மேனேஜர் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார்: "தண்ணீர்க்கரையில் யார் இருந்தது?"

லியாகத் அலி வாயைத் திறப்பதற்குள் இத்ரீஸ் முந்திக்கொண்டார். "இவரை நான்தான் தீனி எடுக்க அனுப்பினேன். கரை என் பொறுப்பு. என் தப்பு."

கொட்டகையில் மூத்த வேலைக்காரர் என்பதால் அப்படிச் சொன்னாரா, லியாகத் அலிக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று நினைத்துச் சொன்னாரா, தெரியாது. மேனேஜர் லியாகத் அலியைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஏன் போனாய் என்று கேட்பார்கள். ஒளிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். யாரைப் பார்த்து, எதற்காக என்று கேட்பார்கள். லியாகத் அலி தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இத்ரீஸை வெகு தூரத்தில் இருந்த ஒட்டகப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சம்பளமும் குறைவு, நிழலும் கிடையாது. ஜீப்பில் ஏறும்போது இத்ரீஸ் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "குட்டிக்குப் பாலைச் சூடு ஆற்றிக் கொடு. அவசரப்பட்டுக் குடித்தால் நெஞ்சில் அடைக்கும்" என்று மட்டும் சொன்னார். லியாகத் அலி ஜீப் போன பிறகும் அங்கேயே நின்றார்.

அதன் பிறகு அவருக்கு வேலையில் ஒரு வெறி வந்தது. மர ஏணியில் ஏறி நின்று குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தார். அது பாலைக் குடித்துவிட்டு அவருடைய சட்டைக் காலரையும் சப்பும். குளத்தை மூடச் சொல்லி மேனேஜரிடம் நடையாக நடந்து, கடைசியில் கரையைக் கொத்திச் சொரசொரப்பாக்க வைத்தார். லீவு வந்தது, வேண்டாம் என்றார். மறுபடியும் வந்தது, மறுபடியும் வேண்டாம் என்றார். குட்டியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்பது ஒரு காரணம். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பது இன்னொன்று.

இரண்டாவது முறை அவர் வரவில்லை என்றதும் கமருன்னிஸா போனில் வெடித்துவிட்டார்.

"அங்க யாரையாச்சும் வச்சிக்கிட்டு இருக்கீங்களா?"

"என்ன பேச்சு பேசுற கமர்?"

"பின்ன ஏன் வரமாட்டேங்குறீங்க? இர்ஃபானாவுக்கு அத்தா முகமே மறந்துபோச்சு."

"வேலை. சூப்பர்வைசர்னா பொறுப்பு இல்லையா?"

கமருன்னிஸா தாழ்ந்த குரலில் சொன்னார்: "போதுங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒட்டகச்சிவிங்கிக்கிட்ட வேலை பாக்குறீங்க. ரஹ்மத் மச்சி வந்தப்பவே சொல்லிட்டாங்க. அவங்களும் அண்ணனும் உங்களை அங்க பாத்தாங்களாம்."

"பாத்தாங்களா? பரீத் மச்சான் என்னைப் பாத்தாரா?"

"பாத்தாராம். நீங்க கையில வாளியோட நின்னீங்களாம். பாத்துட்டுத்தான் திரும்பிப் போயிட்டாராம்."

"இத்தனை நாளா நீ ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார் கமருன்னிஸா. "மாட்டுக்கு மருந்து குடுக்குறப்பதான் உங்களை நான் முதமுதல்ல பாத்தேன். மறந்துட்டீங்களா?"

லியாகத் அலி போனை வைத்துவிட்டு, பூத்துக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஒளிந்தது எதற்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். யாரிடமிருந்து ஒளிந்தாரோ அவர் முன்பே பார்த்தாயிற்று. வாளியைக் கீழே வைத்த அந்த நொடியில் மறைக்க எதுவுமே மிச்சமில்லை. ஜமீலா செத்தது ஒன்றுக்குமே உதவாத காரியத்துக்காக.

அடுத்த நாள் மேனேஜரிடம் போய், இத்ரீஸ் சொன்னது பொய், கரையில் நிற்க வேண்டியவன் நான்தான், நான்தான் விட்டுவிட்டுப் போனேன் என்றார். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது பழைய விஷயம். இத்ரீஸ் வேலையை விட்டுவிட்டு எப்போதோ ஊருக்குப் போய்விட்டார்" என்றார். "வேறு ஏதாவது இருக்கிறதா?" வேறு எதுவும் இல்லை.

குட்டி வளர்ந்து மற்றவற்றோடு சேர்ந்து மேயப் பழகியதும் லியாகத் அலி கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

வந்த வருஷம் பக்ரீதுக்கு ஷேக் பரீதும் ஊருக்கு வந்திருந்தார். தங்கை வீட்டுக்குக் கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கமருன்னிஸா இருவருக்கும் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"மாப்ள, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் ஷேக் பரீத்.

"எனக்குத் தெரியும் மச்சான். கமர் சொல்லிடுச்சி. என்னை அங்க பாத்தீங்க."

"பாத்தேன். ரஹ்மத்துதான் முதல்ல பாத்தா. 'ஏங்க, நம்ம கமர் வீட்டுக்காரர் மாதிரி இருக்கு'ன்னா. கூப்பிடப் போனா. நான்தான் கையைப் பிடிச்சி இழுத்துக்கிட்டு வந்துட்டேன்." அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார். "கூட வந்திருந்தது எங்க கம்பெனி ஆளுங்க. அவங்ககிட்ட அதுக்கு முந்தின வாரம்தான் பெருமையாச் சொல்லியிருந்தேன், என் தங்கச்சி மாப்ள பெரிய சூப்பர்வைசர்னு. உங்களை அந்த டிரெஸ்ல காட்டி, இவர்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல. கேவலமா இருந்துச்சி. அப்புறம் யோசிச்சா, என்னை நெனச்சித்தான் கேவலமா இருக்கு. நான் முதமுதல்ல துபாய் போனப்போ அட்டைப் பெட்டி தூக்கினவன் மாப்ள. அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

லியாகத் அலி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க போன பிறகு அங்க என்ன நடந்துச்சின்னு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

சொன்னார். வாளியை வைத்தது, வைக்கோல் கொட்டில், பலூன், கால் வழுக்கியது, மடியில் கிடந்த தலை, இத்ரீஸ் சொன்ன வார்த்தை, தான் தலையாட்டியது எல்லாவற்றையும் சொன்னார். ஒரு பெரிய பிராணி தண்ணீர் குடிக்கக் குனிகிற நேரத்தில் அதற்கு யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் என்பதை இரண்டு மூன்று தடவை சொன்னார். முடிந்ததும் ஷேக் பரீத், "நான் ஒரு சத்தம் குடுத்திருந்தா நீங்க ஒளிஞ்சிருக்க மாட்டீங்க" என்றார்.

"அது தெரியல மச்சான். கூப்பிட்டிருந்தாலும் நான் அவன் இல்லன்னு சொல்லியிருப்பேன். அன்னைக்கு அப்படித்தான் இருந்தேன்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கமருன்னிஸா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து டம்ளர்களை எடுத்துப் போனார். அன்று ஷேக் பரீத் அங்கேயே சாப்பிட்டார். மாமனார் வீட்டுக் கூடத்திலிருந்த போட்டோவை இறக்கியது ரஹ்மத் பீவி என்று பிறகு கேள்விப்பட்டார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு மட்டும் கொஞ்ச காலம் இருந்தது.

லியாகத் அலி இப்போது கறவை மாடு வைத்திருக்கிறார். சாணி அள்ளுகிறார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறார். இர்ஃபானாவின் தோழிகள் வந்தால் நாக்கின் கறுப்பையும் கழுத்து மதகுகளையும் குட்டி விழுந்ததையும் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், சொல்வார். ஜமீலாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். வேலையைப் பற்றி அவருக்கு இருந்த வெட்கம் போய்விட்டது. தலையாட்டியதைப் பற்றிய வெட்கம் போகவில்லை. அது போகவும் கூடாது என்று ஒரு முறை கமருன்னிஸாவிடம் சொன்னாராம்.

இத்ரீஸின் ஊர் போன் எண்ணைப் பழைய நண்பர் ஒருவர் மூலமாகப் பல மாதம் தேடிப் பிடித்தார். ஒரு மதியம் போன் செய்தார். ஒரு பெண் குரல் எடுத்தது. இத்ரீஸ் லிபியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், எண் எதுவும் இல்லை, எப்போது வருவார் என்று தெரியாது என்றது. யார் பேசுவது என்று கேட்டது.

அவர் தனக்குத் தெரிந்த அரபியில், "லியாகத் அலி. இந்தியாவிலிருந்து. ஒட்டகச்சிவிங்கிப் புழுக்கை அள்ளினவன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை போலும். யார் என்று இன்னொரு முறை கேட்டார். அவரும் இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.